ஆடிக் காற்றுக்கு எத்தனை கம்பி?

2012 ஆடி மாதம். பணகுடியில் தாத்தா வீட்டுத் திண்ணை. எட்டு மணிக்குப் போன கரண்ட் பத்தரை ஆகியும் வரவில்லை. அரிக்கேன் விளக்கை ஏற்றினால் கண்ணாடிக்குள்ளேயே சுடர் துடித்து அணைந்துவிடுகிறது, அப்படியொரு காற்று. தெருவில் ஒரு ஓலைத்தட்டி தானாகப் புரண்டு போய்க்கொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே நிலா வெளிச்சத்தில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. நிற்கின்றன என்றால், நிஜமாகவே நிற்கின்றன. இறக்கை அசையவில்லை.

தாத்தா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏல, காத்து இந்தப் போடு போடுது. ஒங்க காத்தாடி எதுக்குச் சும்மா நிக்கி?"

ஒங்க காத்தாடி என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது நான் அந்தப் பக்கத்தில் ஒரு காற்றாலைப் பண்ணையில் சைட் இன்ஜினியர். நாற்பது மெஷின்கள் என் பொறுப்பு. அன்று சாயங்காலம் போன் வந்தது, இத்தனை மெகாவாட் குறையுங்கள் என்று. நான்தான் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

"லைன்ல எடமில்ல தாத்தா."

"லைன்ல என்னல எடம்? அது என்ன பஸ்ஸா?"

சிரித்துவிட்டேன். துணை மின்நிலையத்தில் எல்லா லைன்களும் வந்து சேரும் அலுமினியக் குழாய்க்கு எங்கள் பாஷையில் பேரே பஸ்தான். அதைச் சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைப்பார் என்று விட்டுவிட்டேன். அவர் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. அதற்குள் நான் மெஷின்களை விட்டுவிட்டு, எந்த ஊருக்கு எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலைக்கு மாறியிருந்தேன். தாத்தா போய்விட்டார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி நிற்கிறது. மலையில் இடைவெளி கிடைக்கும் இடங்களில் பீய்ச்சியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. தமிழ்நாட்டில் அப்படி நான்கு வாசல்கள். தெற்கே ஆரல்வாய்மொழி, அடுத்து செங்கோட்டை, தேனிப் பக்கம் கம்பம், வடக்கே பாலக்காடு. முப்பந்தல், கயத்தாறு, ஆண்டிப்பட்டி, உடுமலை, பல்லடம் என்று நீங்கள் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும் காற்றாலைகள் எல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒரு வாசலுக்கு எதிரே நிற்பவைதான்.

இந்த வாசல்களுக்கு ஒரு குணம் உண்டு. காற்று அடிக்கும் இடத்தில் ஜனம் அதிகமில்லை, ஆலைகள் இல்லை. முப்பந்தலில் என்ன இருக்கிறது? இசக்கியம்மன் கோவிலும் கல்லும் முள்ளும். கரண்ட் வேண்டியவர்கள் கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். நிலக்கரியை ரயிலில் ஏற்றி ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எரித்துக்கொள்ளலாம். காற்றை மூட்டை கட்ட முடியாது. அது அடிக்கும் இடத்தில்தான் மெஷினை நட வேண்டும், அங்கிருந்து கம்பி இழுக்க வேண்டும்.

கம்பிகளுக்கு மிருகப் பெயர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சங்கேதப் பெயர்கள். நம் தெருவில் போகும் மெல்லிய அலுமினியக் கம்பி வீசல், கொஞ்சம் தடித்தது ராபிட், அதற்கு மேல் டாக். 110 கே.வி. (கிலோவோல்ட், மின்னழுத்தத்தின் அளவு) லைனுக்குப் பாந்தர், 230 கே.வி.க்கு ஜீப்ரா, 400 கே.வி.க்கு மூஸ். லைன்மேன்கள் சர்வசாதாரணமாக, "நாளைக்கு முப்பது கிலோமீட்டர் பாந்தரை இழுக்கணும்" என்பார்கள். முதல் மாதம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆரம்ப காலத்தில் எங்கள் பக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் பாந்தர்கள்தான். ஒரு 110 கே.வி. பாந்தர் லைன் 100 மெகாவாட்டைத் தாண்டிச் சுமக்காது. தள்ளினால் கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் இரண்டு டவருக்கு நடுவே தொய்ந்து கீழே இறங்கும். அடியில் ஒரு பனையோ லாரியோ இருந்தால் தீர்ந்தது. அதனால் யாரும் தள்ளமாட்டார்கள். போன் செய்து மெஷினை நிறுத்தச் சொல்வார்கள். 400 கே.வி.யில் இரட்டை மூஸ் என்றால் ஒரு சுற்றிலேயே, அதாவது தனியாகக் கரண்ட் கொண்டுபோகும் ஒரு தொகுதிக் கம்பியிலேயே, 500 மெகாவாட் அலட்டிக்கொள்ளாமல் போகும். ஆனால் அது எங்கள் ஊருக்கு வர நாளாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. கம்பி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடும்போது, கொளுத்தும் வெயில், ஏறக்குறைய காற்றே இல்லாத நாள் என்று வைத்துத்தான் போடுவார்கள். அதுதான் பாதுகாப்பு. ஆனால் முப்பந்தலில் கம்பி நிறைந்து வழியும் நாள் என்பதே காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் நாள். மெஷினைச் சுற்றும் அதே காற்று கம்பியையும் ஊதிக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். கம்பியின் சூட்டை அங்கேயே அளந்து, அந்த நேரத்துக்கு எவ்வளவு கூடுதலாக அனுப்பலாம் என்று பார்க்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. புது டவர் நடாமல் இருக்கிற கம்பியிலேயே இன்னும் கொஞ்சம் பிழியும் வழி. நம் ஊரில் இதை இன்னும் தாராளமாகச் செய்யலாம் என்பது என் எண்ணம்.

*

1986இல் தூத்துக்குடிப் பக்கம் நட்ட முதல் மெஷின்கள் தலைக்கு 55 கிலோவாட். இன்றைய கணக்கில் பொம்மை. அவற்றை ஊரில் இருந்த லைனிலேயே கோர்த்துவிட முடிந்தது. 90களில் மில்காரர்கள் வந்தார்கள். காற்றாலையில் போட்ட பணத்தை முதல் வருஷமே வருமானத்தில் முழுசாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வரிச் சலுகை இருந்தது. கூடவே, ஆடியில் உற்பத்தி செய்த யூனிட்டை மின்வாரியத்திடம் வங்கியில் போடுவதுபோலப் போட்டு வைத்து, பிற்பாடு தன் மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. மெஷின்கள் மளமளவென்று முளைத்தன. லைன் மட்டும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது.

ஏன் பின்னால்? சின்னக் கணக்குதான். நிலமும் பணமும் கையில் இருந்தால் ஒரு காற்றாலையைச் சில மாதங்களில் நிறுத்திவிடலாம். சூரிய மின்நிலையமும் அப்படித்தான். ராமநாதபுரம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் ஒரு வருஷத்துக்குள் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் 400 கே.வி. லைன் என்பது இங்கே ஒரு டவர், அங்கே ஒரு டவர் அல்ல. நூறு கிலோமீட்டரில் முந்நூறு டவர் வரும். அதில் ஒன்று, ஒரே ஒன்று, வழக்கில் நின்றாலும் மற்ற எல்லாம் சும்மா நிற்கும். நான்கு வருஷம், ஐந்து வருஷம் சாதாரணம்.

நிலக்கரி காலத்தில் இது பிரச்சினையாகவே இல்லை. அனல் மின்நிலையம் கட்டவே ஐந்தாறு வருஷம் ஆகும். அஸ்திவாரம் தோண்டும்போது லைன் வேலையையும் ஆரம்பித்தால் இரண்டும் ஒன்றாக முடியும். மாடும் வண்டியும் ஒரே வேகம். இப்போது மாட்டை அவிழ்த்துவிட்டுக் குதிரையைப் பூட்டியாயிற்று. வண்டி பழைய வண்டிதான்.

வண்டியை முன்னாலேயே செய்து வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் முடிச்சு. மின்நிலையம் வருகிறது என்று உறுதியாகத் தெரியாமல் லைனுக்குப் பணம் போட்டால், நாளை அது சும்மா கிடந்தால் யார் பதில் சொல்வது? தணிக்கையில் கேட்பார்கள், மின்கட்டணம் நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தில் கேட்பார்கள். லைன் இல்லாத இடத்தில் மெஷின் நட எவனும் வரமாட்டான். மெஷின் இல்லாத இடத்துக்கு லைன் போட எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார்.

இந்த முடிச்சைத் தைரியமாக அவிழ்த்தது அமெரிக்காவில் டெக்சாஸ். எண்ணெய்க்காரர்களின் மாநிலம் என்பதால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே காற்று மேற்கே, ஊர்கள் கிழக்கே. 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மேற்கில் காற்று நன்றாக அடிக்கும் இடங்களாக ஐந்து மண்டலங்களைத் தேர்ந்து அறிவித்தார்கள். அங்கே மெஷின் வந்தாலும் வராவிட்டாலும் லைன் போடுவோம், செலவை மாநில மின்கட்டமைப்பைப் பயன்படுத்தும் எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள் என்றார்கள். 2008இல் திட்டத்தை இறுதி செய்தார்கள். 2014 தொடக்கத்தில் வேலை முடிந்தது. சுமார் 5,800 கிலோமீட்டர் 345 கே.வி. லைன், ஏறக்குறைய 700 கோடி டாலர், 18,500 மெகாவாட்டுக்கு இடம். 2009இல் அங்கே உற்பத்தியாகியிருக்க வேண்டிய காற்று மின்சாரத்தில் 17 சதவீதத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2014இல் அது அரை சதவீதம்.

நான் இதை முதலில் படித்தபோது, பணகுடித் திண்ணையில் உட்கார்ந்து பொறாமைப்பட்டேன். அப்புறம் மீதியையும் படித்தேன். அங்கேயும் மலைப்பகுதி நிலக்காரர்கள் கொதித்துப்போய்ப் பாதைகளை மாற்ற வைத்திருக்கிறார்கள், திட்டத்திலிருந்து சிலவற்றைக் கைவிட வேண்டியிருந்திருக்கிறது. போட்ட லைன்கள் நிரம்பி, சில வருஷங்களிலேயே மறுபடி நிறுத்தச் சொல்லும் நிலையும் வந்திருக்கிறது. சரி, அங்கேயும் மனுஷர்கள்தான் என்று ஒரு ஆறுதல்.

நம் ஊரில் அதே யோசனை பசுமை மின்வழித்தடம் என்ற பெயரில் வந்தது. 2012இல் மத்திய அரசின் மின்தடம் போடும் நிறுவனமான பவர்கிரிட் அறிக்கை எழுதியது. 2015இல் மத்திய அமைச்சரவை எட்டு மாநிலங்களுக்கு 10,141 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 40 சதவீதம் மானியம், 40 சதவீதம் ஜெர்மன் வங்கிக் கடன், மீதி மாநிலத்தின் கைக்காசு. தேனி தப்பக்குண்டு, உடுமலைப் பக்கம் அனிக்கடவு, அப்புறம் ராசிபாளையம் என்று காற்று வாசல்களுக்கு எதிரே 400 கே.வி. துணை மின்நிலையங்கள் எழுந்தன. முதல் தடவையாக, காற்றுக்கென்றே திட்டமிட்டுப் போட்ட ராஜபாட்டை. நான் நிறுத்தி வைத்த மெஷின்கள் பின்னால் நிம்மதியாகச் சுற்றியதற்கு இதுபோன்ற லைன்களும் ஒரு காரணம்.

*

ஆனால் எவ்வளவு தடிமனான ராஜபாட்டை? என் இப்போதைய வேலையே இந்தக் கேள்விதான்.

மெஷின்காரர்களைக் கேட்டால், 1,000 மெகாவாட் நட்டிருக்கிறோம், 1,000 மெகாவாட் லைன் கொடு என்பார்கள். காற்றின் கணக்கு அப்படி இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகும். அதனால் மெஷின் ஒன்று ஓகோவென்று ஓடும் அல்லது படுத்துக்கொள்ளும். அதிலும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் சுற்றுவது நடக்காத காரியம். ஆரல்வாய்மொழியில் பேயாய் அடிக்கும் நேரத்தில் பல்லடத்தில் அடங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நட்டாயிற்று. நல்ல ஆடிக் காற்றில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களிலும் உச்சம், நட்டதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கார்த்திகை மார்கழியில் பார்த்தால் இவ்வளவு மெஷினும் எதற்கு என்று தோன்றும்.

எங்கள் ஊர்க் குளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியச் சிரமமில்லை. குளத்துக்கு மறுகால் என்று ஒன்று இருக்கும். நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். கரை கட்டியவன், நூறு வருஷத்தில் ஒருநாள் வரும் வெள்ளத்தைக்கூட ஒரு சொட்டு விடாமல் பிடித்துவிட வேண்டும் என்று கரையை மலை உயரத்துக்குக் கட்டவில்லை. கொஞ்சம் வழியட்டும் என்று தெரிந்தேதான் மறுகால் வைத்தான். குளம் மறுகால் பாய்கிறது என்று ஊரே போய் வேடிக்கை பார்க்கும், யாரும் தண்ணீர் வீணாகிறது என்று தலையில் கைவைப்பதில்லை. அதேபோலப் பங்குனி சித்திரையில் வாய்க்கால் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, இதை எதற்கு வெட்டினார்கள் என்றும் கேட்பதில்லை.

லைனுக்கும் இதே நியாயம்தான். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு இடத்தில் மேல்நுனியில் இருக்கும் 100 மெகாவாட், வருஷத்துக்கு 50 மணி நேரம்தான் தலை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50 லட்சம் யூனிட். யூனிட் 3 ரூபாய் என்றாலும் ஒன்றரைக் கோடி. அதைப் பிடிப்பதற்காக இன்னொரு 400 கே.வி. லைன் இழுத்தால் ஒரு கிலோமீட்டருக்கே கோடிக் கணக்கு. அந்த 50 மணி நேரம் மெஷினை நிறுத்தி வைப்பதுதான் எல்லோருக்கும் மலிவு. மத்திய மின்சார ஆணையம் 2013இல் வெளியிட்ட திட்டமிடல் கையேட்டிலேயே இந்த மறுகால் புத்தி ஒரு இடத்தில் இருக்கிறது. பொதுவாக ஒரு லைன் அறுந்தாலும் மிச்ச லைன்கள் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. காற்று, சூரியப் பண்ணையிலிருந்து முதல் துணை மின்நிலையத்துக்கு வரும் லைனுக்கு மட்டும் அந்த விதி தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் லைனுக்குத் துணை லைன் எதற்கு என்பதுதான் காரணம்.

ஆகவே ஒரு மெஷின்கூட ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்று யாராவது மேடையில் பேசினால், அவர் கம்பிக்குக் காசு கொடுப்பவர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு வழிய விடுவது என்பதை லைன் போடும் முன்பே கணக்குப் போட்டு, அந்த நஷ்டம் யார் தலையில் என்றும் எழுதி வைத்துவிட்டு வழிய விட்டால், அது மறுகால். லைன் வரவில்லை, வந்தது போதவில்லை, அல்லது வேறு எங்கிருந்தோ வாங்கிக்கொள்வது அன்றைக்குச் சௌகரியம் என்று போனைப் போட்டு நிறுத்தச் சொன்னால், அது கரை உடைப்பு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மெஷின் நிற்கும். காற்றையும் வெயிலையும் கட்டமைப்பின் பாதுகாப்புக்காக மட்டுமே நிறுத்தலாம் என்பது நம் நாட்டு விதி. 2021இல் தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், பாதுகாப்புக் காரணம் இல்லாமல் நிறுத்தியதற்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. என் மேசையில் அன்றைக்கு ஒரு போன் ரெக்கார்டர் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

*

இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கே வழிவதை வேறு ஊர்க் குளத்துக்குத் திருப்பிவிடுவது.

2013 டிசம்பர் 31 வரை தென்னாட்டு மின்கட்டமைப்பு தனித் தீவு. வடக்கே சில நேர்மின்சார (டி.சி.) இணைப்புகள் மட்டும். அதனால் நன்மையும் இருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா, பிறகு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருட்டில் மூழ்கியபோது தெற்கு தப்பித்தது. பணகுடியில் அந்த வாரமும் கரண்ட் போய் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது எங்கள் வழக்கமான இருட்டு. தீமை என்னவென்றால், ஆடியில் மிஞ்சியதை வெளியே தள்ள வழியில்லை. ராய்ச்சூரிலிருந்து சோலாப்பூருக்கு 765 கே.வி. லைன் வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே துடிப்பில் ஓட ஆரம்பித்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய மிருகம். சத்தீஸ்கரில் ராய்கட் முதல் நம் புகளூர் வரை 800 கே.வி. நேர்மின்சார லைன், சுமார் 1,765 கிலோமீட்டர், 6,000 மெகாவாட். 2020, 21இல் ஓடத் தொடங்கியது. அங்கே நிலக்கரி, இங்கே தேவை என்றுதான் போட்டார்கள். ஆனால் அது இரண்டு பக்கமும் ஓடும். தெற்கில் காற்று மிஞ்சினால் திசையைத் திருப்பி வடக்கே அனுப்பலாம் என்பதும் திட்டத்திலேயே இருந்தது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு ஒரு கிளை, அது 2,000 மெகாவாட்.

இந்தக் கிளையில்தான் கொங்கு நாட்டு விவசாயிகள் ஒரு விஷயத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் டவர் வைக்கிறீர்கள், கேரளத்துக்குள் போனதும் கடைசித் துண்டைப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோகிறீர்கள், அவர்கள் நிலம் மட்டும் தங்கமா என்று. 2018, 19இல் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் நடந்த போராட்டங்கள் ஞாபகம் இருக்கும். உயர் அழுத்த லைனுக்குக் கீழே நின்று டியூப்லைட்டைக் கையில் பிடித்து எரிய வைத்துக் காட்டினார்கள். அது மந்திரமில்லை. மாறுமின்சார (ஏ.சி.) லைனுக்கு அடியில் நிஜமாகவே எரியும்.

தொழில்நுட்பமாக இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 400 கே.வி. மாறுமின்சாரத்தை நூறு கிலோமீட்டர் பூமிக்கடியில் கொண்டுபோக முடியாது. கேபிளே ஒரு பெரிய மின்தேக்கியாகி, அதை நிரப்பவே பாதி கரண்ட் போய்விடும். நேர்மின்சாரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, செலவு மட்டும் பல மடங்கு. ஆக முடியவே முடியாது என்று அதிகாரிகள் சொன்னது பாதி உண்மை. எல்லா இடத்திலும் முடியும் என்று போராடியவர்கள் சொன்னதும் பாதி உண்மை. ஆனால் அந்தப் பேச்சில் கேபிள் ஒரு சாக்குதான். உண்மையான கோபம் சட்டத்தின்மேல்.

டவருக்கு நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை இன்றைய மின்சாரச் சட்டம் கடன் வாங்கிக்கொள்கிறது. நிலம் உங்கள் பேரில்தான் இருக்கும், பட்டா உங்களிடம்தான் இருக்கும். ஆனால் நாலு காலூன்றி டவர் நிற்கும். லைனுக்குக் கீழே, 400 கே.வி. என்றால் ஐம்பது மீட்டர் அளவுக்கு அகலத்தில், தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. 2015 வரை இதற்கு ஒரு சீரான தொகைகூடக் கிடையாது. பயிருக்கும் மரத்துக்கும் மட்டும் ஏதோ கொடுப்பார்கள். அந்த வருஷம் மத்திய மின்துறை, டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்கு அடியில் இருக்கும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024இல் அதையே 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. மதிப்பு என்பது எந்த மதிப்பு, பத்திர ஆபீஸ் மதிப்பா சந்தை மதிப்பா என்பதில்தான் பாதி வழக்குகள் நடக்கின்றன.

லைன் தாமதத்துக்கு விவசாயிகள் காரணம் என்று எங்கள் மீட்டிங்குகளில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றாலைக்கு இடம் கொடுத்தவன் வாங்கின விலையை ஊரே பேசும். அதே காற்றாலையின் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டவனுக்கு ஒரு தடவை ஒரு செக். அவன் ஏன் வழி விடுவான்? ராஜஸ்தானில் கானமயில் பறக்கும் புல்வெளிக் காட்டில் லைன் போட்டதற்கு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2021இல் கேபிளாகப் புதைக்கச் சொன்ன நீதிமன்றம் 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. அந்தப் பறவைக்காவது வாதாட ஆள் இருந்தது.

*

மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் ஒரு பெரிய திட்டம் வெளியிட்டது. 2030க்குள் நாட்டில் 5 லட்சம் மெகாவாட் புதைபடிவம் சாராத மின்சாரம் வேண்டும். அதற்கு 50,890 சுற்று கிலோமீட்டர் லைன், 2.44 லட்சம் கோடி ரூபாய். நம் கடலோரம் 5,000 மெகாவாட் காற்றாலை கடலுக்குள்ளேயே வரும் என்றும் அதில் இருக்கிறது. கரையில் பழைய 250 கிலோவாட் மெஷின்களைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் பல மடங்கு பெரிய மெஷின் நடும் கொள்கை ஒன்றும் 2024இல் மாநிலத்தில் வந்திருக்கிறது. நல்ல காற்று அடிக்கும் இடத்தையெல்லாம் அந்தக் காலத்துப் பொம்மைகள் பிடித்து வைத்திருப்பதால் இது சரியான யோசனைதான். ஆனால் அதே நிலத்திலிருந்து பல மடங்கு கரண்ட் வந்தால், பாந்தரின் முதுகு என்னாகும்?

அதற்குத்தான் நான் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஜூலை ராத்திரி ஒரு கணக்கு, ஏப்ரல் மத்தியானம் ஒரு கணக்கு, டிசம்பர் சாயங்காலம் ஒரு கணக்கு. ஒவ்வொன்றிலும் எந்த லைன் சிவப்பாகிறது என்று பார்ப்பது. சூரியனுக்குப் போட்ட லைனைக் காற்றும் பகிர்ந்துகொள்ளுமா, பேட்டரி வைத்தால் ஒரு லைனை மிச்சம் பிடிக்கலாமா, மிஞ்சுகிற நேரத்தில் காடம்பாறை அணைக்குத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துப் பிற்பாடு இறக்கிக் கரண்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது. கடைசியில் எதுவும் போதவில்லையென்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. ஸ்கிரீனில் அது நேர்க்கோடு. வளைவுக்காக நீளத்தில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம். கீழே என்ன இருக்கிறது என்று அந்த மென்பொருள் கேட்பதில்லை.

போன மாசியில் அத்தை போன் செய்தாள். கயத்தாறுக்குக் கிழக்கே கரிசல்காட்டில் அவளுக்கு நாலு ஏக்கர், உளுந்தும் மக்காச்சோளமும். ஓரத்தில் மாமா காலத்துப் பனைகள்.

"மருமவனே, யாரோ வந்து அளந்து, செவப்பு பெயிண்ட் அடிச்ச கல்லு ஒண்ணு நட்டுட்டுப் போயிருக்கானுவ. கேட்டா லைன் வருதுங்கான். நீ அந்த வேலதான பாக்க? கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளச் சொல்லேன்."

எந்தத் துணை மின்நிலையத்துக்குப் போகிற லைன் என்று விசாரித்தேன். சொன்னாள். இரண்டு வருஷம் முந்தி நான் போட்ட கோடுதான் அது. என் அறிக்கையில் அதற்கு ஒரு எண் உண்டு, இத்தனை கிலோமீட்டர், இரட்டைச் சுற்று என்று ஒரு வரி உண்டு. பாதையை முடிவு செய்வது நானில்லை, சர்வேக்காரர்கள் மூன்று பாதை பார்த்து ஒன்றைத் தேர்வார்கள், ஆட்சேபம் இருந்தால் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், 2024 வழிகாட்டுதல்படி இவ்வளவு தொகை கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று மாநிலத்தில் ஒரு அறிவிப்பு இருக்கிறது, அதையும் எழுதிக் கொடு என்றேன். தள்ளச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. தள்ளினால் அது பக்கத்துக் காட்டுக்காரர் தலையில் போய் நிற்கும். அவரும் எங்களுக்குச் சொந்தம்தான்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "இந்த லைன் வந்தா அந்தக் காத்தாடி எல்லாம் நிக்காம ஓடுமா?" என்றாள்.

"பெரும்பாலும் ஓடும் அத்தை. ஆடியில சில ராத்திரி நிக்கும்."

"எல்லாம் ஓடாதா அப்ப?"

நான் மறுகால் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, கல் பனைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டேன். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.